பாம்பூ ஃபிளாட்டுக்கு எது கிட்டத்து வழி?

தெற்கு அந்தமானின் வரைபடத்தில் கிழக்குக் கரையைப் பாருங்கள். ஓரிடத்தில் கடல் நிலத்தைப் பிளந்துகொண்டு மேற்கே வெகுதூரம் உள்ளே போயிருக்கும். அந்தப் பிளவின் தென்கரையில் இருப்பது போர்ட் பிளேயர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். இந்த அத்தியாயத்தில் வரும் கதை பெரும்பாலும் பழைய பெயரில் நடந்தது என்பதால் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன். வடகரையில் இருக்கிறது பாம்பூ ஃபிளாட். சாத்தம் ஜெட்டியில் ஃபெரி ஏறினால் நடுவில் சுமார் இரண்டு கிலோமீட்டர் தண்ணீர், கால் மணி நேரப் பயணம். அதே ஊருக்குச் சாலை வழியாகவும் போகலாம். தெற்கே இறங்கி, சிப்பிகாட் வழியாகக் கடலின் உள்முனையைச் சுற்றி, ஃபெரார்கஞ்ச் போய், அங்கிருந்து விம்பர்லிகஞ்ச் பக்கம் திரும்பி வந்தால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

அப்படியானால் பாம்பூ ஃபிளாட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இரண்டு கிலோமீட்டரா, நாற்பதா? நகரத் திட்டமிடலில் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி இது. அடுத்த ஐந்நூறு வீடுகள் எங்கே எழும், அந்த வீட்டுக்காரர்கள் ஸ்கூட்டர் வாங்குவார்களா மாட்டார்களா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தே அமையும்.

வால்டர் ஹான்சன் என்ற அமெரிக்கத் திட்டமிடலாளர் 1959-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையின் அடிக்கற்களில் ஒன்று. வாஷிங்டன் நகரின் தரவுகளை வைத்துக்கொண்டு அவர் கேட்டது, காலி மனைகளில் எது முதலில் வீடாக மாறுகிறது என்பது. அவர் கண்ட விடை ‘எட்டுமை’. ஓரிடத்திலிருந்து எத்தனை வேலைகள், கடைகள், பள்ளிகள் எட்டக்கூடியவை என்று கூட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவற்றுக்கு முழு மதிப்பு. பயண நேரம் கூடக்கூட மதிப்பு வேகமாகக் குறையும். இந்தக் கூட்டுத்தொகை எங்கே அதிகமோ அங்கே வீடுகள் முளைக்கின்றன. மனை வாங்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் மனத்துக்குள் போடும் கணக்குதான் இது. ஹான்சன் அதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்.

கவனிக்க வேண்டியது, சூத்திரத்தில் இருப்பது நேரம்.  ஃபெரிப் பயணத்தின் நேரமோ, படகு ஓடும் நேரம் மட்டும் அல்ல. கணக்குக்காக, மணிக்கு ஒரு படகு என்று வைத்துக்கொள்வோம். நேரம் பார்க்காமல் ஜெட்டிக்கு வருபவர் சராசரியாக அரை மணி காத்திருப்பார். ஓட்டம் 15 நிமிடம், காத்திருப்பு 30, ஆக 45 நிமிடம். பயணிகள் நின்றுகொண்டு காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் அமர்ந்து செல்லும் இரண்டு நிமிடங்களுக்குச் சமமாக உணர்கிறார்கள் என்பது போக்குவரத்து மாதிரிகளில் வழக்கமான எடை. அந்த எடையைப் போட்டால் 45 நிமிடம் 75 ஆகிவிடுகிறது. இனி கால் மணிக்கு ஒரு படகு விடுங்கள். காத்திருப்பு ஏழரை நிமிடமாகச் சுருங்கும். எடை போட்ட மொத்தம் 30. கடலின் அகலம் ஓர் அடி குறையவில்லை. ஆனால் பாம்பூ ஃபிளாட் நகரத்துக்கு இரண்டரை மடங்கு நெருங்கி வந்துவிட்டது. போய்வரவும் ஏற்றி இறக்கவும் ஒரு படகுக்கு நாற்பது நிமிடம் ஆகும் என்றால் இதற்குத் தேவை மூன்று படகுகள்.

ஒரு மூட்டை சிமென்ட் கூட இல்லாமல் தூரத்தைக் குறைக்க முடியும் என்பது பொறியாளர்களுக்கு அவ்வளவாகப் பிடித்த செய்தி அல்ல. திறப்பு விழாக் கல்வெட்டு வைக்க ஓர் இடம் கூட அதில் இல்லையே.

*

இந்த ஊர் தொடக்கத்தில் சாலையை நம்பி இருக்கவில்லை. 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் குடியிருப்பு அமைக்க வந்தபோது தேர்ந்தது சாத்தம் தீவு. சில ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பு வடக்கே இடம் மாறி, 1796-இல் கைவிடப்பட்டது. மறுபடி 1858 மார்ச்சில், முந்தைய ஆண்டின் கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள் உட்பட இருநூறு கைதிகளுடன் டாக்டர் ஜே.பி. வாக்கர் வந்து இறங்கினார். தண்டனைக் குடியேற்றம் வளர வளர அதன் அமைப்பு வெளிப்பட்டது. ஆட்சித் தலைமையிடம் துறைமுக வாயிலில் ராஸ் தீவில். பழைய சிறை உள்கடலில் வைப்பர் தீவில். மரம் அறுக்கும் ஆலை 1883 முதல் சாத்தமில். கோடைக்கால இருப்பிடம் வடகரைக் குன்றான மவுண்ட் ஹாரியட்டில். கைதிகளின் வேலைத் தளங்கள் அபர்தீன், ஹாடோ, ஹோப் டவுன் என்று இரு கரைகளிலும். எல்லாவற்றுக்கும் நடுவில் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் நகரத்தின் பிரதான வீதி.

1872 பிப்ரவரி 8-ஆம் தேதி வைஸ்ராய் மேயோ பிரபு மவுண்ட் ஹாரியட்டிலிருந்து இறங்கிவந்து ஹோப் டவுன் ஜெட்டியில் படகேறப் போகும் வேளையில் ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். இந்தியாவின் வைஸ்ராய் பதவியிலிருக்கும்போதே கொலையுண்ட ஒரே நிகழ்ச்சி அது. அரசியல் வரலாறு அதை அப்படித்தான் படிக்கிறது. போக்குவரத்துக் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒரு வைஸ்ராய் அந்தி நேரத்தில் குன்றிலிருந்து திரும்புவதற்கு அந்த ஊரில் இயல்பான வழி ஜெட்டியாகத்தான் இருந்தது.

கைதிகளைப் பிரித்து வைக்கவும் கண்காணிக்கவும் உருவான அமைப்பைப் போற்ற ஒன்றும் இல்லை. ஆனால் நிலத்தில் எது எங்கே இருக்க வேண்டும், அவற்றுக்கிடையே எப்படிப் போவது என்ற இரு கேள்விகளையும் ஒரே மேசையில் முடிவு செய்த ஊர் அது. பிறகு வந்த எந்தத் திட்டமும் அதைச் செய்ததாகத் தெரியவில்லை.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1941-இன் நிலநடுக்கம் ராஸ் தீவைச் சேதப்படுத்தியது. அடுத்த ஆண்டு ஜப்பானியர் வந்தார்கள். போருக்குப் பின் தலைமையிடம் ராஸுக்குத் திரும்பவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கு உள்நிலத்தில் கிராமங்கள் அமைந்தன. தமிழர்கள், தெலுங்கர்கள், ராஞ்சிப் பகுதித் தொழிலாளர்கள் என்று மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1951-இல் தீவுகள் அனைத்திலும் சேர்த்துச் சுமார் 31,000 பேர். 2011-இல் 3.8 லட்சம். போர்ட் பிளேயரிலிருந்து வடகோடியிலுள்ள திக்லிபூர் நோக்கி அந்தமான் டிரங்க் ரோடு நீண்டது. ஜாரவாப் பழங்குடி மக்களின் காட்டை அது ஊடுருவிச் சென்றதன் விலை தனி நூலுக்குரியது. உச்ச நீதிமன்றம் 2002-இலேயே அந்தப் பகுதிகளில் சாலையை மூடச் சொன்னது. இன்றும் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசைகட்டிக் கான்வாயாகப் போகின்றன.

சாலை வந்ததும் ஊரின் முகம் திரும்பியது. கடைகளும் அலுவலகங்களும் அபர்தீன் பஜாரைச் சுற்றிய வடகிழக்கு மூலையிலேயே தங்கின. பெரிய அரசு மருத்துவமனையான கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை அட்லாண்டா பாயின்ட்டில் செல்லுலார் சிறை வளாகத்துக்குள்ளேயே அமைந்தது. மக்கள் மட்டும் தெற்கே நகர்ந்தார்கள். நகராட்சியின் மக்கள்தொகை 2001-இல் ஏறத்தாழ ஒரு லட்சம். 2011-இலும் அதைச் சற்றே தாண்டிய எண்ணிக்கைதான். வளர்ச்சி நின்றுவிட்டது போல் தோன்றும். அது எல்லைக்கு வெளியே புரோத்ராபூர், கராச்சரமா பக்கம் போயிருந்தது. பின்னால் நகராட்சி தன் எல்லையை நீட்டி அவற்றை உள்ளே எடுத்துக்கொண்டது. வீடு தெற்கே, வேலையும் மருத்துவமனையும் வடகிழக்கே. நடுவில் சில குறுகிய மலைச் சாலைகள். காலை ஒன்பதரை மணி நெரிசலுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

நிலம் ஏன் இப்படிப் பங்கானது என்பதற்கும் காரணம் உண்டு. தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் பதிவான வனப்பரப்பு மட்டும் 7,171. மிச்சத்தில் கடற்படைக்கு ஒரு பங்கு. 2001 முதல் முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் இங்கேதான். ஊருக்குள்ளேயே லம்பா லைன் பக்கம் விமான நிலையம். எங்கும் மேடு பள்ளமாக இருக்கும் ஊரில் தட்டையான நிலத்தின் பெரிய துண்டு ஓடுபாதைக்குப் போயிருக்கிறது. 2023 ஜூலையில் திறந்த புதிய முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறனுடையது. 2011 கணக்கில் நான்கு லட்சத்தைத் தொடாத மக்கள்தொகைக்கு 50 லட்சம்! விமானத்தில் இறங்குவோரில் பெரும்பாலோர் அடுத்துத் தேடுவது ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகை, அதாவது அது கிளம்பும் ஜெட்டியை. தொடக்கமும் முடிவும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பயணத்துக்கு ஒரு நல்ல பேருந்துத் தடம் போதும். டாக்ஸி வரிசைகள்தான் அதைச் சுமக்கின்றன.

*

நிலப் பயன்பாடும் போக்குவரத்தும் ஒன்றையொன்று துரத்தும் இரண்டு சக்கரங்கள் என்பதை ஆய்வாளர்கள் ஒரு வட்டமாக வரைவார்கள். சாலை போட்டால் அதன் ஓரத்தில் எட்டுமை உயரும். எட்டுமை உயர்ந்தால் மனை விலை ஏறும், வீடுகள் வரும். வீடுகள் வந்தால் வண்டிகள் கூடும். வண்டிகள் கூடினால் சாலை போதாது, அகலப்படுத்து என்ற குரல் எழும். டியூரன்டன், டர்னர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2011-இல் அமெரிக்க நகரங்களின் தரவுகளை அலசியபோது, நெடுஞ்சாலை எந்த விகிதத்தில் நீள்கிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகளின் ஓட்டமும் கூடுவதைக் கண்டார்கள். நெரிசல் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்திய அரசு இதை அறியாமல் இல்லை. 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நகர வேண்டியது மனிதர்கள், வண்டிகள் அல்ல என்றது. நிலத் திட்டமும் போக்குவரத்துத் திட்டமும் சேர்ந்தே வரையப்பட வேண்டும் என்றது. 2017-இல் வந்த இன்னொரு கொள்கை, பொதுப் போக்குவரத்து நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையிலான வளையத்தில் அடர்த்தியாகக் கட்ட இடம் கொடுக்கச் சொன்னது. தாளில் எல்லாம் இருக்கிறது.

தாளுக்கு வெளியே என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே போதும், ஒரே ஊரில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள். பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கி, 1997-இல் திருமயிலையையும் 2007-இல் வேளச்சேரியையும் எட்டியது. பிரம்மாண்டமான நிலையங்கள்; ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் யோசிக்கவில்லை, பேருந்தும் உள்ளே வந்து ஆளை இறக்கவில்லை. பல தளங்கள் பாழடைந்து கிடந்தன. மறுபுறம் பழைய மகாபலிபுரம் சாலை. 2000-இல் டைடல் பார்க் திறந்த பிறகு மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக வந்தன, அடுக்குமாடிகள் வந்தன, பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம்வரை நிலம் விற்றது. ரயில் வரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதே சாலையின் நடுவில் மெட்ரோவுக்காகப் பள்ளம் தோண்டினார்கள். ஓரிடத்தில் ஊர் இல்லாத ரயில், இன்னோரிடத்தில் ரயில் இல்லாத ஊர். இரண்டையும் வெவ்வேறு அலுவலகங்கள் வெவ்வேறு கோப்புகளில் முடிவு செய்தன.

போர்ட் பிளேயருக்கு மெட்ரோ வரப்போவதில்லை, வரவும் கூடாது. ஆனால் அதற்கு நிலையங்கள் ஏற்கெனவே உண்டு. சாத்தம், ஃபீனிக்ஸ் பே, அபர்தீன், ஜங்லிகாட், எதிரே பாம்பூ ஃபிளாட், ஹோப் டவுன் என்ற ஜெட்டிகளே அவை. கேள்வி, அந்த 500-800 மீட்டர் வளையத்தை ஜெட்டியைச் சுற்றி வரைய முடியுமா என்பது.

வரைந்து பார்த்தால் முதல் சிக்கல் உடனே தெரியும். வளையத்தின் பாதி கடலில் விழுந்துவிடுகிறது. மீன்கள் ஃபெரி ஏறுவதில்லை. இரண்டாவது சிக்கல் மேடு. வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் சரிவுக்கும் நடை வேகத்துக்கும் உள்ள உறவை 1993-இல் ஒரு சூத்திரமாக்கினார். அதன்படி சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் மூன்றரை கிலோமீட்டர்தான் ஏறுவார். பத்து நிமிட நடை சமதரையில் 840 மீட்டர், மேட்டில் 590. ஆரம் இப்படிச் சுருங்கும்போது பரப்பு பாதியாகிறது. ஆக, சமவெளி நகரத்தில் ஒரு ரயில் நிலையம் எட்டிப் பிடிக்கும் நிலத்தில் கால் பங்கைத்தான் மலைக்கரை ஜெட்டி பிடிக்கும். கரையோரச் சாலை தட்டையாக இருப்பதால் உண்மைக் கணக்கு இதைவிடக் கொஞ்சம் மேலாக இருக்கலாம். இருந்தாலும் தில்லியில் எழுதிய விதியை இங்கே அப்படியே ஒட்டினால் பொருந்தாது என்பது விளங்கும். மழையைச் சேர்க்கவில்லை; ஆண்டுக்கு மூன்று மீட்டர் மழை கொட்டும் ஊர் இது.

மூன்றாவது சிக்கல்தான் உண்மையிலேயே கடினமானது. 2004 டிசம்பர் 26 காலையில் நடந்த நிலநடுக்கத்தில் போர்ட் பிளேயர் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சுனாமி அலை வந்து போய்விட்டது. அமிழ்ந்த நிலம் மீண்டு வரவில்லை. சிப்பிகாட்டில் வயல்களாக இருந்த இடம் கடல்நீர் ஏறி இறங்கும் நீர்ப்பரப்பானது. அதே நிலநடுக்கத்தில் திக்லிபூர் பக்கம் வடக்கே நிலம் மேலெழுந்து பவளப்பாறைகள் காய்ந்தன. இத்தீவுகள் முழுவதும் நிலநடுக்க வரைபடத்தின் ஐந்தாம் மண்டலத்தில் இருக்கின்றன. பொதுப் போக்குவரத்தை ஒட்டி அடர்த்தியாகக் கட்டு என்கிறது நகரவியல். ஜெட்டியை ஒட்டிய தட்டை நிலத்தில் கூட்டத்தைச் சேர்க்காதே என்கிறது புவியியல். தீவுக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் கரையோரக் கட்டடங்களுக்கு வரம்பு போடுகின்றன. இரண்டு அறிவியல்களும் சரி. ஒன்றுக்காக இன்னொன்றைக் கைகழுவ முடியாது.

என் யோசனை, நடுச்சரிவில் கட்டுவது. கரையில் ஜெட்டி, பேருந்து நிறுத்தம், சந்தை, மீன் இறக்கும் இடம் போன்ற, பகலில் ஆள் கூடி இரவில் காலியாகும், உயரத்துக்கு ஓடித் தப்ப நேரம் கிடைக்கக்கூடிய பயன்பாடுகள் இருக்கட்டும். மக்கள் உறங்கும் வீடுகளும் மருத்துவமனையும் பள்ளியும் மேலே இருக்கட்டும். இரண்டையும் இணைக்கும் ஏற்றத்தைச் சுலபமாக்குவதில் பணத்தைப் போடலாம். ஹாங்காங்கில் 1993 முதல் ஓடும் நகரும் படிக்கட்டுத் தொடர் 800 மீட்டர் நீளத்தில் 135 மீட்டர் உயரம் ஏற்றிவிடுகிறது. அவ்வளவு ஆடம்பரம் இங்கே வேண்டாம். கூரை போட்ட, கைப்பிடி உள்ள, இரவில் விளக்கெரியும் படிக்கட்டுகளும், ஜெட்டிக்கும் குன்றுக்கும் இடையே சுற்றிவரும் சிறிய பேருந்துகளும் போதும். சுனாமி எச்சரிக்கை வந்தால் அதே படிக்கட்டுதான் தப்பும் வழி. ஒரே செலவில் இரண்டு வேலை.

இது வெறும் ஆசை அல்ல என்பதற்கு வான்கூவர் சாட்சி. கனடாவின் அந்த மலைக்கரை நகரத்திலும் நடுவில் ஓர் உள்கடல் இருக்கிறது. 1977-இல் அதைக் கடக்கச் சீபஸ் என்ற பயணிகள் படகை விட்டார்கள். சுமார் 12 நிமிடப் பயணம். பகல் முழுவதும் கால் மணிக்கு ஒன்று. படகு வந்து சேரும் நேரத்துக்கு மறுகரையில் பேருந்துகள் நிற்கும். ஒரே டிக்கெட் இரண்டுக்கும் செல்லும். கப்பல் கட்டும் பட்டறைகள் இருந்த அந்தக் கரையில் சந்தை வந்தது, சரிவில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. ஃபெரி ஒரு நகரப் பகுதியையே இழுத்துக்கொண்டு வந்தது என்று சொல்லலாம். நம் நாட்டில் 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ அந்தத் திசையில் நல்ல முயற்சி. பத்துத் தீவுகளை 38 முனையங்களால் இணைக்கும் திட்டம். மின்கலத்தில் ஓடும் படகுகள். நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை மேடைகள். போர்ட் பிளேயரில் ஓதத்துக்கும் வற்றுக்கும் இடையே இரண்டு மீட்டர்வரை வித்தியாசம் வரும். மூட்டையோடும் குழந்தையோடும் வழுக்கும் படியில் கால்வைத்து இறங்கும் ஒரு பெண்ணுக்கு, மின்கலத்தைவிட அந்த மிதவை மேடைதான் பெரிய கண்டுபிடிப்பு.

மின்சாரம் என்றதும் ஒரு சின்னக் குறிப்பு. போர்ட் பிளேயர் 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம் பெற்றது. சில ஆண்டுகளில் மின்பேருந்துகளும் வந்தன. மேட்டில் சத்தமில்லாமல் ஏறும் அழகான வண்டிகள். ஆனால் தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களில் பிறப்பது. அந்த டீசலும் கப்பலில் வருவது. பேருந்தின் புகைக்குழாயை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்திருக்கிறோம் என்பதே துல்லியமான விவரிப்பு. சூரிய மின்சாரம் கூடக்கூட இது மாறும். ஆனாலும் ஒரு பேருந்து எதில் ஓடுகிறது என்பதைவிட எந்த வீட்டு வாசலிலிருந்து எந்த வேலைக்கு ஓடுகிறது என்பது முதலில் கேட்க வேண்டியது.

*

இத்தனை பேசுவானேன், ஒரு பாலம் கட்டிவிட்டால் என்ன? சாத்தமிலிருந்து பாம்பூ ஃபிளாட்டுக்குப் பாலம் என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. வடகரைக்காரர்களின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. புயல் சின்னம் உருவானால் படகுகள் நிற்கின்றன. நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளை மருத்துவமனைக்குக் கொண்டுவருவது எப்படி என்று கேட்டால், கால் மணிக்கு ஒரு படகு என்ற என் கணக்கு பதில் ஆகாது.

ஆனால் பாலத்தையும் ஹான்சன் சூத்திரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பாலம் திறந்த மறுநாள் பாம்பூ ஃபிளாட் அபர்தீன் பஜாருக்குச் சில நிமிடத் தொலைவில் வரும், வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும். மனை விலை ஏறும். இன்று அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் இன்னும் உள்ளே தள்ளப்படுவார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் நிலம் எது? மவுண்ட் ஹாரியட் தேசியப் பூங்கா. 2021 முதல் மவுண்ட் மணிப்பூர். காட்டின் விளிம்புவரை வீடுகள் போய் முட்டி நிற்கும். பாலத்தின் தென்முனையில் இறங்கும் அத்தனை வண்டிகளும் சாத்தம், ஹாடோ வழியே ஏற்கெனவே திணறும் அதே மலைச் சாலைகளில் நுழையும். நிறுத்த இடம் கேட்கும். அலுவலகங்கள் தென்கரை மூலையிலேயே இருக்கும்வரை பாலம் செய்யக்கூடியது நெரிசலுக்கு இன்னொரு வாய் திறப்பதுதான்.

பாலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுவதற்கு முன் வடகரையில் எத்தனை அலுவலகங்கள், எந்தக் கல்லூரி, எவ்வளவு பெரிய மருத்துவமனை என்பது முடிவாக வேண்டும் என்கிறேன். அவை அங்கே போய்விட்டால், காலையில் எதிர்த் திசையிலும் ஆட்கள் போவார்கள். காலியாகத் திரும்பும் படகும் பேருந்தும் நிறையும். அதன் பிறகும் பாலம் தேவைப்பட்டால் அதில் யாருக்கு முன்னுரிமை என்று பேசலாம். அவசர ஊர்திக்கும் பேருந்துக்கும் நடப்பவருக்கும் மட்டுமான பாலம் என்று ஒன்று இருக்கக் கூடாதா என்ன?

தெற்கே இன்னும் பெரிய கேள்வி காத்திருக்கிறது. கிரேட் நிக்கோபாரில், 2011 கணக்கில் சுமார் எட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில், துறைமுகமும் விமான நிலையமும் மின்நிலையமும் லட்சக்கணக்கானோருக்கான நகரியமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 166 சதுர கிலோமீட்டர்; அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. ஷோம்பென் பழங்குடி மக்களையும் கலாத்தியா விரிகுடாவில் முட்டையிடும் பேராமைகளையும் முன்வைத்து எழுந்த எதிர்ப்புகள் நியாயமானவை என்றே நினைக்கிறேன். அவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்து வெறும் நகரவியலாகப் பார்த்தாலும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. இந்திரா முனை 2004-இல் நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது அதே தீவில்தான். கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போன சாலையும் அன்று பல இடங்களில் கடலுக்குள் போனது. வீட்டையும் வழியையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும் என்றால், அந்த மேசைக்கு நிலநடுக்க அறிஞரும் வர வேண்டும்.

போர்ட் பிளேயருக்கு ஒரு வசதி உண்டு; சென்னைக்கு அது கிடையாது. இங்கே சட்டமன்றம் இல்லை. சாலை போடும் பொதுப்பணித் துறை, பேருந்து ஓட்டும் போக்குவரத்து இயக்குநரகம், ஃபெரி ஓட்டும் கப்பல் சேவை இயக்குநரகம், காடு, வருவாய் எல்லாமே துணைநிலை ஆளுநரின் ஒரே நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. சென்னையில் ரயில்வே, மாநகராட்சி, மெட்ரோ, மாநகரப் பேருந்து எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைக்க ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று 2010-இல் சட்டமே போட்டார்கள். அது நடைமுறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. மக்களாட்சியின் கண்ணோட்டத்தில் சட்டமன்றம் இல்லாதது குறையே, மறுக்கவில்லை. ஆனால் சாத்தமில் கடைசி ஃபெரி வரும் நேரத்துக்கு ஒரு பேருந்து நிற்க வேண்டும் என்றால் இங்கே கையெழுத்துகள் குறைவாகத்தான் தேவைப்படும்.

அந்தக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். நகரங்களில் வழக்கமாகச் சாலைச் சந்திப்பில் ஆளை நிறுத்தி வண்டிகளை எண்ணுவார்கள். சாலையில் எண்ணினால் சாலைக்கான விடைதான் கிடைக்கும். இந்த ஊரில் ஜெட்டியில் எண்ண வேண்டும். எத்தனை பேர் என்பதோடு நிற்கக் கூடாது. பாம்பூ ஃபிளாட்டிலிருந்து காலை முதல் ஃபெரியில் வந்து இறங்குபவரிடம் கேட்க வேண்டியவை: எந்த வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், ஜெட்டியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், இங்கிருந்து எங்கே போகிறீர்கள், எதில் போகிறீர்கள், அந்த வேலை வடகரையிலேயே கிடைத்திருந்தால் இந்தப் பக்கம் வந்திருப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைப் பொதுப்பணித் துறைக்கும் நகராட்சிக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும்.